கேமில் குறுக்கு விசாரணை: பேரப்பிள்ளைகளுக்கு வாதம் சொல்லித்தரும் முறை

வீடியோ கேம் விளையாடினால் பிள்ளைக்குச் சிந்திக்கும் திறன் வளருமா என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் இரண்டு பதில்கள் உண்டு. தனியாக விளையாடினால், அந்த கேமை விளையாடும் திறன் வளரும். எதிரே ஒரு பெரியவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, சரியான இடத்தில் ஆட்டத்தை நிறுத்திக் கேள்வி கேட்டால், ஒரு வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வரும். இரண்டாவதைச் செய்வது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கோர்ட் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கூண்டில் நிற்கும் சாட்சி சொல்வதை நீதிபதி திருத்தமான வாக்கியமாக்கிச் சொல்லச் சொல்ல, அடித்துக்கொண்டே போவது என் வேலை. முதல் விசாரணையில் "பார்த்தேன்" என்றவர் குறுக்கு விசாரணையில் "பார்த்ததாக நினைக்கிறேன்" என்று இறங்கி வருவதைக் கேட்டுக் கேட்டு வயதானவள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் பேரனும், எதிர்வீட்டுப் பெண்ணும், அவர்களோடு ஒட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளும் கூடுவார்கள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃபோன், ஒரு நாற்பது பக்க நோட்டு. வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை.

"மூளையை வளர்க்கும் கேம்" என்று விற்பதை மட்டும் வாங்காதீர்கள். ஒன்றில் பழகியது இன்னொன்றுக்குத் தானாகத் தாவிவிடாது என்பது உளவியலில் பழைய செய்தி. தார்ன்டைக், வுட்வொர்த் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1901-இலேயே இதைச் சோதித்தார்கள். ஒரு வடிவத்தின் பரப்பைக் கண்ணால் மதிப்பிட நன்றாகப் பழகியவர்கள், வேறு வடிவத்தைக் கொடுத்ததும் தடுமாறினார்கள். லுமோசிட்டி என்ற மூளைப் பயிற்சி கேமை நடத்திய நிறுவனம், நிரூபிக்காத பலன்களை விளம்பரத்தில் சொன்னதாக அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த நடவடிக்கையை முடித்துக்கொள்ள 2016-இல் இருபது லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. நான் சொல்லப்போகும் கேம்கள் எதுவும் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. அவை பொழுதுபோக்குக்காகச் செய்யப்பட்டவை. அந்த நேர்மையே எனக்குப் போதும்.

முதலில் நோட்டு

தாளை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். தலைப்புகள்: பக்கம், ஏது, திட்டாந்தம். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல், அதாவது தர்க்கம், சொல்லித்தரும் காதையில் வருகிற பெயர்கள் இவை. மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை தெரிகிறது என்பது ஏது, அதாவது காரணம். புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும், அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது இரண்டையும் இணைக்கும் பொது விதியும் அதற்கு எடுத்துக்காட்டும். இவை ஒவ்வொன்றும் எப்படியெல்லாம் பழுதாகும் என்று பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என மூன்று வகையாகப் பிரித்துத் தவறுகளையும் அந்தக் காதை விளக்குகிறது. பள்ளியில் ஐம்பெருங்காப்பியம் என்று மனப்பாடம் செய்யவைத்தார்களே தவிர, இந்தப் பகுதியை யாரும் திறந்து காட்டவில்லை.

பிள்ளைகள் முதல் இரண்டு கட்டத்தையும் சடசடவென்று நிரப்பிவிடுவார்கள். மூன்றாவதில் பேனா நின்றுவிடும். "அவன் ஓடினான், ஆகவே அவன்தான் செய்தான்" என்று எழுதிய பெண்ணிடம் மூன்றாவது கட்டத்தை நிரப்பச் சொன்னேன். ஓடுகிறவர்கள் எல்லாம் குற்றம் செய்தவர்கள் என்று எழுத வேண்டியிருந்தது. எழுதும்போதே சிரித்துவிட்டாள். வாதத்தில் சொல்லாமல் விடப்பட்ட வரிதான் பெரும்பாலும் ஓட்டை. அதை எழுதவைப்பதற்குத்தான் மூன்றாவது கட்டம்.

ஓரத்தில் ஒல்லியாக நான்காவது ஒன்றை நான் சேர்த்திருக்கிறேன். அதன் தலைப்பு: "வேறு எப்படி?" அதன் அவசியம் போகப் போகத் தெரியும்.

தொடங்க வேண்டியது: ஏஸ் அட்டர்னி

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2001-இல் கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்காக வெளியிட்டது. முதல் மூன்று கேம்களும் சேர்ந்த தொகுப்பு இப்போது கம்ப்யூட்டரில் கிடைக்கிறது. நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் ஒரு இளம் வக்கீல். சாட்சி சொல்வது வரி வரியாகத் திரையில் வரும். ஒவ்வொரு வரியிலும் இரண்டு காரியம் செய்யலாம்: மேலும் துருவிக் கேட்கலாம், அல்லது கையிலிருக்கும் சான்றுகளில் ஒன்றை எடுத்து, இந்த வரி இதோடு முரண்படுகிறது என்று காட்டலாம். தவறான சான்றைக் காட்டினால் தண்டனை. அப்படிச் சில முறை ஆனால் வழக்கு தோற்றுவிடும்.

முதல் வழக்கையே எடுத்துக்கொள்கிறேன். குற்றவாளி யார் என்று தொடக்கக் காட்சியிலேயே காட்டிவிடுவதால் சொல்வதில் பாதகமில்லை. பிணத்தைப் பிற்பகல் 1 மணிக்குப் பார்த்தேன் என்கிறார் சாட்சி. பிரேதப் பரிசோதனை அறிக்கையோ மரணம் மாலை 4 மணிக்கு மேல்தான் நிகழ்ந்தது என்கிறது. என் பேரன் சான்றைக் காட்டும் பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோனான். இங்கேதான் நீங்கள் நிறுத்த வேண்டும். அழுத்துவதற்கு முன் நோட்டில் எழுத வேண்டும். எழுதாத முரண்பாட்டை அழுத்தக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இல்லாவிட்டால் பிள்ளைகள் ஆட்டத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, எல்லாச் சான்றுகளையும் வரிசையாகக் காட்டிப் பார்ப்பார்கள். அதில் எந்த மூளையும் வேலை செய்யாது.

"ஆயா, அவன் பொய் சொல்கிறான். அவன்தான் கொன்றான்" என்றான்.

"இரண்டு பக்கம் சொல்கிறாய். ஒன்றொன்றாக எழுது."

எழுதியபோது பிரிந்தது. சாட்சி சொன்ன நேரம் தவறு என்பதற்கு அறிக்கை என்ற ஏது இருக்கிறது. அவர் பொய் சொன்னார் என்பதற்கு? கொன்றார் என்பதற்கு? "வேறு எப்படி?" என்ற ஓரத்தில் மற்றப் பிள்ளைகள் எழுதிக்கொண்டே போனார்கள்: மணி பார்த்ததில் தவறியிருக்கலாம், நாள் கடந்ததால் மறந்திருக்கலாம், டாக்டரின் கணிப்பே பிசகியிருக்கலாம். பிறகு ஆட்டத்தைத் தொடர்ந்தோம். டிவியில் நேரம் கேட்டேன் என்கிறார் சாட்சி. அப்போது மின்வெட்டு என்று சான்று இருக்கிறது. சரி, கடிகாரத்தில் பார்த்தேன் என்கிறார். அந்தக் கடிகாரம் பார்வைக்கு ஒரு சிலை. கடிகாரம் என்று வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய பிறகு கொலையுண்டவர் அதில் நேரத்தை மாற்றி வைக்கவில்லை என்பது வரை போய்த்தான் வழக்கு முடிகிறது. "வேறு எப்படி?" ஓரத்தில் எழுதியவை ஒவ்வொன்றாக அடிபட்ட பிறகுதான் கொலைக் குற்றச்சாட்டு நிற்கிறது. நோட்டு இல்லாமல் விளையாடும் பிள்ளை இதைக் கவனிக்காது. அதற்கு மனதில் நிற்பது "ஆப்ஜெக்‌ஷன்!" என்ற கூச்சல்தான்.

உண்மையான கோர்ட்டிலிருந்து இரண்டு விதிகளை இந்த ஆட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்று, 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 145-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் இது 148-ஆவது பிரிவு. ஒரு சாட்சி முன்பு எழுத்தில் கொடுத்ததைக் கொண்டு அவரை மறுக்க வேண்டுமானால், எந்தப் பகுதியை வைத்து மறுக்கப்போகிறோமோ அதை முதலில் அவர் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் கூடத்தில் இதன் பொருள்: எதிராளியை மறுப்பதற்கு முன் அவர் சொன்ன வரியை மாற்றாமல் வாசித்துக் காட்டு. பிள்ளைகளின் சண்டைகளில் பாதி இந்த ஒரு விதியிலேயே அடங்கிவிடுகிறது, ஏனென்றால் வாசிக்கப் போனால் அவர் அப்படிச் சொல்லியே இருக்கமாட்டார்.

இரண்டாவது, ஒன்றில் பொய் என்றால் எல்லாவற்றிலும் பொய் என்ற பழைய லத்தீன் விதியை இந்திய நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. நெல்லையும் பதரையும் பிரித்தெடுக்க வேண்டும் என்றுதான் உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லிவந்திருக்கிறது. சாட்சி நேரத்தைத் தவறாகச் சொன்னார் என்பதால் அவர் ஆளைப் பார்த்ததும் பொய்யாகிவிடாது. கேமில் முரண்பாடு என்றால் பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒரு பொய் ஒளிந்திருக்கும், எழுதியவர் அப்படி வைத்திருக்கிறார். நான் தட்டச்சு செய்த சாட்சியங்களில் மறதியும், பயமும், அடுத்தவர் சொன்னதைத் தானே பார்த்ததாக நம்பிவிடுவதும் பொய்யைவிட அதிகம். ஆகவே ஒவ்வொரு வழக்கு முடிந்ததும் ஒரு பிள்ளை சாட்சிக்காக வாதாட வேண்டும்: இவர் பொய் சொல்லவில்லை, தவறாக நினைவு வைத்திருந்தார் என்று. எதிர்வீட்டுப் பெண் இதில் கெட்டிக்காரி. ஒருமுறை குற்றவாளியையே தப்பவைத்துவிட்டாள். பேரன் இரவு சாப்பாடு வரை அவளோடு பேசவில்லை.

கேமின் கோளாறுகளையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அதில் வழக்கு மூன்று நாளுக்குள் முடிந்துவிடும். எங்கள் உலகில் அதற்குள் வாய்தா தேதி கிடைத்தாலே அதிசயம். உண்மையான குற்றவாளியைக் குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலே பிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்குத்தான் என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இன்னொன்று, பிள்ளை கண்டுபிடித்த முரண்பாடு சரியாகவே இருந்தாலும், எழுதியவர் நினைத்த வரியில் அதைக் காட்டாவிட்டால் கேம் ஏற்காது. அப்போது நோட்டைப் பாருங்கள். மூன்று கட்டமும் நிற்கிறதென்றால் வீட்டு மதிப்பெண் உண்டு, கேம் என்ன சொன்னாலும்.

அடுத்தது: ஓப்ரா டின் கப்பல்

லூகாஸ் போப் என்பவர் 2018-இல் வெளியிட்ட "ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்" பெரிய பிள்ளைகளுக்கானது. மரணக் காட்சிகள் நிறைய உண்டு, ஆகவே பத்தாம் வகுப்புக்குக் கீழே நான் அனுமதிப்பதில்லை. 1807-இல் ஆளில்லாமல் கரை ஒதுங்கிய ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல். காப்பீட்டுக் கணக்குப் பார்க்க வந்த கம்பெனி ஆய்வாளர் நீங்கள். கப்பலில் இருந்த 60 பேரும் யார், என்ன ஆனார்கள் என்று ஒரு பேரேட்டை நிரப்ப வேண்டும். கையில் ஒரு கடிகாரம். பிணத்தருகே அதைத் திறந்தால், இறந்த கணம் உறைந்த காட்சியாகத் தெரியும். பேச்சின் சாயல், உடுப்பு, யார் யாரோடு நிற்கிறார்கள், எந்தத் தூளியில் என்ன எண் என்று பார்த்துப் பெயரை ஊகிக்க வேண்டும். பட்டியலில் இந்திய மாலுமிகளும் உண்டு.

இதன் சிறப்பு, விடை சரியா என்று உடனே சொல்லாது. மூன்று பேருடைய விவரம் முழுக்கச் சரியானால்தான் மூன்றையும் சேர்த்து உறுதிசெய்யும். அதுவரை நிச்சயமில்லாமல் இருக்கப் பழக வேண்டும். ஆகவே நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் அடையாளம் போடச் சொல்கிறேன்: தெரியும், ஊகிக்கிறேன், குருட்டாம்போக்கு. இரண்டு "தெரியும்" கிடைத்த பிறகு மூன்றாவதைக் குருட்டாம்போக்கில் மாற்றி மாற்றிப் போட்டு உறுதி வாங்கும் தந்திரத்தைப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடிப்பார்கள். தடுக்க வேண்டாம். கேம் உறுதி செய்த பிறகும் நோட்டில் "குருட்டாம்போக்கு" என்ற அடையாளத்தை அழிக்கக் கூடாது, அவ்வளவுதான். விடை சரி என்பதும், எனக்குத் தெரிந்திருந்தது என்பதும் ஒன்றாகிவிடாது என்பதை இதைவிட எளிதாகக் காட்ட எனக்கு வழி கிடைக்கவில்லை.

கடலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி. கம்பெனி நமக்கு அயலான் அல்ல. தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கரையில் சிதைந்து கிடக்கும் செயின்ட் டேவிட் கோட்டையைக் கம்பெனி 1690-இல் மராட்டியரிடம் வாங்கியது. சென்னையை 1746-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது, சில ஆண்டுகள் தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடமும் இதுதான். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு எட்டிய தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் விற்பனையில் சேர்ந்தன என்பது ஊரறிந்த கதை, அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய், கேமில் செய்ததையே செய்யச் சொல்லுங்கள். இதைச் சொல்வது யார்? வாங்கியவரின் கடிதமா, விற்றவரின் கடிதமா, ஊர் வாய்மொழியா? வாங்கியவர் தமக்குச் சாதகமாக எழுதியிருக்க வாய்ப்புண்டா? ஒரே பீரங்கியா, எந்தெந்தத் திசையில் சுட்டார்கள்? எந்தக் கேள்விக்குப் பதில் ஆவணத்தில் கிடைக்கும், எதற்குக் கடைசிவரை கிடைக்காது? திரும்பும் வழியில் சில்வர் பீச்சில் சுண்டல் வாங்கிக் கொடுத்துவிட்டால், இந்த வகுப்புக்கு யாரும் விடுப்பு எடுக்க மாட்டார்கள்.

சிறிய பிள்ளைகளுக்கும், அவசரக்காரர்களுக்கும்

"பாபா இஸ் யூ" 2019-இல் பின்லாந்துக்காரர் ஒருவர் வெளியிட்ட புதிர் கேம். ஆட்டத்தின் விதிகளே சொற்கட்டைகளாகத் தரையில் கிடக்கும். சுவர் தடுக்கும் என்ற விதியில் ஒரு சொல்லைத் தள்ளி விலக்கினால், சுவருக்குள் நடந்து போய்விடலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும், பத்து ஆங்கிலச் சொற்கள் தெரிந்தால் போதும். சிக்கிக்கொள்ளும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: "முடியாது என்கிறாயே, எந்த விதி முடியாது என்கிறது? விரலை வைத்துக் காட்டு." பாதி நேரம் அப்படி ஒரு விதியே திரையில் இருக்காது.

அதே லூகாஸ் போப்பின் "பேப்பர்ஸ், ப்ளீஸ்" 2013-இல் வந்தது. கற்பனை நாட்டு எல்லையில் பாஸ்போர்ட் பார்க்கும் குமாஸ்தா வேலை. இரண்டு இடத்தில் விரல் வைத்து, இதுவும் இதுவும் பொருந்தவில்லை என்று காட்டினால்தான் பயணியைக் கேள்வி கேட்க முடியும். முரண்பாடு என்பது எப்போதும் இரண்டு பொருள்களுக்கு நடுவே இருப்பது என்று இது பழக்கிவிடும். உடல் சோதனைப் படங்களை மறைக்கும் அமைப்பு தொடக்கத்திலேயே உண்டு, அதை நீங்களே போட்டுவிடுங்கள்.

மின்சாரம் போன மாலைக்கு ஒன்று. 1960-இல் பீட்டர் வேசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் செய்த சோதனை, எங்கள் வீட்டில் விளையாட்டாகிவிட்டது. என் மனதில் ஒரு விதி இருக்கிறது, 2, 4, 6 அதற்குப் பொருந்தும், நீங்கள் மும்மூன்று எண்களாகச் சொல்லி விதியைக் கண்டுபிடியுங்கள் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் 8, 10, 12 என்பார்கள். பொருந்தும். 20, 22, 24. பொருந்தும். "இரண்டிரண்டாகக் கூடும்!" என்று கத்துவார்கள். விதி அது கிடையாது. ஏறுவரிசையில் எந்த மூன்று எண்ணும் பொருந்தும். 1, 2, 50 என்றோ, 9, 5, 3 என்றோ ஒருவரும் கேட்டுப் பார்க்க மாட்டார்கள், தாங்கள் நினைத்தது உடைந்துவிடுமே என்ற தயக்கம். உடைக்கப் பார்க்கும் கேள்விக்குத்தான் மதிப்பெண் என்று அறிவித்த பிறகு ஆட்டம் மாறும். இதைக் காசில்லாமல் விளையாடலாம் என்பதால் முதலில் இதையே சொல்லியிருக்கலாம், ஆனால் ஃபோனைப் பார்த்தால்தானே பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள்.

கேமிலிருந்து வாசலுக்கு

தானாகத் தாவாது என்று மேலே சொன்னேன். தாண்டவைப்பது உங்கள் வேலை, அதை அன்றைக்கே செய்ய வேண்டும். ஆட்டம் முடிந்த சூட்டோடு, அதே நோட்டில், அதே கட்டங்களில், வாட்ஸ்அப்பில் வந்ததோ செய்தித்தாளில் வந்ததோ ஒரு வாதத்தை எழுதவையுங்கள். தோதாக ஒன்றும் கிடைக்காவிட்டால் நீங்களே ஒன்றை எழுதிக் கொடுங்கள். நான் எழுதிக் கொடுத்த ஒன்று: "கடலூரைச் சூறையாடிய தானே புயல் 2011 டிசம்பர் 30-இல் வந்தது. ஆகவே டிசம்பர் பிறக்கும்வரை நமக்குப் புயல் பயமில்லை." மூன்றாவது கட்டத்தை நிரப்பியதுமே பிடித்துவிட்டார்கள்: ஒரு புயல் வந்த மாதத்தில்தான் எல்லாப் புயலும் வரும் என்று எழுத வேண்டியிருந்தது. 2020 நிவர் நவம்பரில் கரையைக் கடந்தது என்று ஒரு பிள்ளை சேர்த்தது.

இரண்டாவது கடினம்: "புயல் கரையைக் கடந்துவிட்டது. ஆகவே ஆபத்து தீர்ந்தது." இதைப் படித்ததும் எல்லோரும் சரி என்றார்கள். "வேறு எப்படி?" என்று ஓரத்தைத் தட்டினேன். தென்பெண்ணைக் கரையில் உறவினர் உள்ள பையன்தான் வாயைத் திறந்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கடந்தது. ஆனால் மேலே பெய்த மழையில் சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2-ஆம் தேதி வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட, கடலூரின் ஆற்றோர ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது அதற்குப் பிறகுதான். காற்று போனதை ஏதுவாக வைத்து வெள்ளம் போனது என்ற பக்கத்தை நிறுவ முடியாது.

நோட்டை நிரப்பக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. "சாக்ரடீஸ் ஜோன்ஸ்" என்ற 2013-ஆம் ஆண்டு இலவச கேமிலிருந்து எடுத்தவை. ஒரு கணக்கர் தத்துவவாதிகளோடு வாதாடும் கேம் அது. விளங்கச் சொல்லுங்கள், ஆதாரம் என்ன, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்: இந்த மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்பதுதான் ஆட்டம். எங்கள் வீட்டில் இவற்றை ஒரு நிபந்தனையோடு அனுமதிக்கிறேன், கேட்கிறவர் எதிராளியின் பதிலைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் பட்டிமன்றம் ஆகிவிடும். கைதட்டலுக்கும் வாதத்துக்கும் உள்ள உறவைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

விடை சொல்லும் வீடியோக்களைப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். பார்க்கட்டும், ஆனால் நோட்டில் அந்தப் புதிருக்கு ஒரு வரியாவது எழுதிய பிறகு. பார்த்த விடையை மூன்று கட்டத்தில் பிரித்து எழுதிக் காட்டினால்தான் அடுத்த அத்தியாயம். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையை, ஆங்கிலம் வாசிக்கிற பிள்ளையோடு சேர்த்து உட்காரவையுங்கள். வாசிக்கிறவர் தமிழில் சொல்ல, மற்றவர் நோட்டு எழுத வேண்டும். அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்ளலாம்.